லைப்சிக்கில் பாருக்குப் போகாமல் ஆள் பழகுவது எப்படி

2018 அக்டோபரில் ஜெர்மனிக்கு வந்தேன். லைப்சிக் நகரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. முதல் மாதம் பெட்டி பிரிப்பதிலும், நகராட்சியில் முகவரி பதிவதிலும், வங்கிக் கணக்கு திறப்பதிலும் போய்விட்டது. நவம்பர் பிறந்ததும் நாலரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால், திங்கட்கிழமை காலையில் யாராவது ‘மோர்கென்’ என்று சொல்லும் வரை என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருக்காது. கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில், தெருவில் கால் வைத்தால் நாலு பேர் ‘எங்கம்மா கெளம்பிட்ட?’ என்று கேட்கிற இடத்தில் வளர்ந்தவள் நான். அந்த இரண்டு நாள் பேசாமல் கிடப்பது உடம்பு வலி மாதிரி இருந்தது.

கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: வேலை முடிந்ததும் எங்களோடு பாருக்கு வா. எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. குடிப்பவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு முறை போனேன். மொழி பழகுவதற்கான சந்திப்பு என்று கூப்பிட்டார்கள், அதுவும் ஒரு பாரில்தான் நடந்தது. அந்த இரைச்சலில், எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மன்கூடக் காதில் விழவில்லை. மூன்று மணி நேரத்தில் பதினைந்து பேரிடம் பெயர், ஊர், வேலை சொல்லியிருப்பேன். அடுத்த வாரம் ட்ராமில் எதிரே உட்கார்ந்திருந்தாலும் ஒருவருக்கொருவர் அடையாளம் தெரிந்திருக்காது.

இன்று எனக்குக் காய்ச்சல் என்றால் சூப் பாத்திரத்தைத் துணிப்பையில் வைத்துக் கதவுப்பிடியில் மாட்டிவிட்டுப் போகிற மனிதர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் பாரில் சந்திக்கவில்லை. எங்கே, எப்படிச் சந்தித்தேன் என்பதை, புதிதாக வந்து இறங்கியிருக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

ஆளைத் தேடாதீர்கள், வேலையைத் தேடுங்கள்

இந்த ஊர் ஜனங்கள் முகம் கொடுக்கமாட்டார்கள் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. நான் பார்த்தவரை அது சரியில்லை. அறிமுகமில்லாதவரிடம் சும்மா பேச்சுக்கொடுப்பது இவர்களில் பலருக்குக் கூச்சம். கையில் ஒரு வேலை இருந்தால் அந்தக் கூச்சம் போய்விடும். நம் ஊரில் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி காய் நறுக்க உட்கார்ந்தால், முன்பின் தெரியாத பெரியம்மாகூட விடிவதற்குள் நம் குடும்பக் கதை முழுவதையும் கேட்டுவிடுவார் இல்லையா, அதே கணக்குத்தான்.

அதனால் ஓர் இடத்துக்குப் போகும் முன் இரண்டே விஷயம் பார்க்கிறேன். வாராவாரம் அதே நாள், அதே நேரத்தில், அதே ஆட்கள் கூடுகிறார்களா? அங்கே என் கைக்கு ஏதாவது வேலை உண்டா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் போகலாம். புதுப்புது ஆட்கள் ஒரு தடவை கூடிக் கலைகிற நிகழ்ச்சிகளை நான் விட்டுவிட்டேன். ஒரே ஆளைப் பத்து முறை பார்ப்பதில் வருகிற பழக்கம், பத்துப் பேரை ஒரு முறை பார்ப்பதில் வராது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி

எனக்கு முதல் கதவு திறந்தது பார்க்ரன் என்ற வாராந்தர ஓட்டம். 2004 அக்டோபர் 2 அன்று லண்டன் புஷி பூங்காவில் 13 பேர் ஓடியதில் ஆரம்பித்தது இது. ஜெர்மனிக்கு 2017 டிசம்பரில் வந்தது. அப்போது தொடங்கிய இடங்களில் எங்கள் ஊர் லேன-ஃபோய்க்ட் பூங்காவும் ஒன்று. பழைய ரயில் நிலையம் இருந்த நிலம் அது. லைப்சிக் இருக்கும் சாக்சனி மாநிலத்து வட்டார வழக்கில் எழுதிய பெண் கவிஞர் ஒருவரின் பெயரை அந்தப் பூங்காவுக்கு வைத்திருக்கிறார்கள். கரிசல் பேச்சு கேட்டு வளர்ந்த எனக்கு அதிலேயே ஒரு பிடிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமைதோறும் ஒன்பது மணிக்கு 5 கிலோமீட்டர். ஓடலாம், நடக்கலாம். கட்டணம் கிடையாது. இணையத்தில் ஒரு முறை பதிவு செய்தால் உங்களுக்கென்று ஒரு பார்கோடு வரும், அதை எடுத்துக்கொண்டு போனால் போதும். உலகத்தில் எந்த ஊர் பார்க்ரனுக்கும் அதே பார்கோடுதான், வேறு நகரத்துக்கு மாறினாலும் செல்லும்.

ஆனால் நான் சொல்லவருவது ஓடுவதைப் பற்றி இல்லை. முதல் நாளே தொண்டராகப் போங்கள். ஓட்டம் நடப்பதே தொண்டர்களால்தான், அதனால் ஆள் எப்போதும் தேவைப்படும். முன்கூட்டியே மின்னஞ்சலில் ‘இந்தச் சனிக்கிழமை எனக்கு ஏதாவது வேலை கொடுங்கள்’ என்று எழுதிக் கேட்டேன். பார்கோடு ஸ்கேன் செய்யும் வேலை கொடுத்தார்கள். ஓடி முடித்தவர்கள் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லையோடு வருவார்கள். அவர்களுடைய பார்கோடையும் அந்த வில்லையையும் போனில் ஸ்கேன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். குளிரில் கையுறையைக் கழற்றினால்தான் போன் திரை கேட்கும் என்பதால் விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. ஆனால் அன்று காலை ஐம்பது அறுபது பேர் ஒவ்வொருவராக என் முன்னால் வந்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, சிரித்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். நான் யாரிடமும் வலியப் போய்ப் பேச வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒருவர் என் பெயரைச் சரியாக உச்சரித்தார். அன்று வீட்டுக்கு நடந்தே போனேன்.

இன்னொரு வேலை கடைசி ஆளோடு நடப்பது. யாரும் தனியாகப் பின்தங்கிவிடக் கூடாது என்று ஒரு தொண்டர் எப்போதும் கடைசியில் வருவார். பழகுவதற்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை எனக்கு அது கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து மெல்ல நடந்து பழகிக்கொண்டிருந்த, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் கடைசியாக வந்தார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் இரண்டு பேரும் நடந்தோம். என் ஜெர்மன் தடுக்கும்போதெல்லாம் அவர் நின்று, சொல்லைச் சரிசெய்து, மறுபடி நடந்தார். அவருக்கும் அப்படி நிற்பது முழங்காலுக்கு ஓய்வாக இருந்தது. சூப் கொண்டுவருபவர் அவர்தான். இனி டீச்சரம்மா என்றே எழுதுகிறேன்.

ஒன்று மறக்கவேண்டாம். ஓட்டம் முடிந்ததும் காப்பிக்குப் போவார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் பழக்கம் கெட்டிப்படும்.

தோட்டம்

ஏப்ரலில் டீச்சரம்மா என்னைத் தன் தோட்டத்துக்குக் கூப்பிட்டார். வீட்டுத் தோட்டம் என்று நினைத்துப் போனேன். ட்ராம் தடத்தை ஒட்டி, சின்னச் சின்ன வேலிகளோடு வரிசையாக நூற்றுக்கும் மேல் தோட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி மரவீடு. க்ளைன்கார்ட்டன் என்பார்கள், ஷ்ரேபர்கார்ட்டன் என்றும் பெயர். அந்த இரண்டாவது பெயர் பிறந்ததே லைப்சிக்கில்தான். 1864-இல் ஹவுஷில்ட் என்ற பள்ளித் தலைமையாசிரியர் இங்கே ஒரு சங்கம் தொடங்கி, அதற்கு மறைந்த மருத்துவர் ஷ்ரேபரின் பெயரை வைத்தார். பிள்ளைகள் விளையாட ஒரு திடல் அமைத்தார்கள். கெசெல் என்ற ஆசிரியர் திடலின் ஓரத்தில் பிள்ளைகளுக்குப் பாத்தி கட்டிக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைந்ததும் அம்மா அப்பாக்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்கள், பாத்திகள் குடும்பத் தோட்டங்களாகிவிட்டன. பழைய சங்கக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

1983-இல் அன்றைய மேற்கு ஜெர்மனியில் இந்தத் தோட்டங்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது, இன்று அது நாடு முழுவதற்கும் பொருந்தும். ஒரு தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, மரவீடு 24 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிலத்திலாவது காய்கறி, பழம் விளைய வேண்டும் என்று நீதிமன்றத் தீர்ப்பும் உண்டு. பல சங்கங்களில் பாதையோர வேலியின் உயரம் 1.25 மீட்டர்தான். பழகுவதற்கு இந்த வேலிதான் பெரிய உதவி. குனிந்து களை எடுப்பவரின் முதுகு பாதையில் போகிறவருக்குத் தெரியும். ‘என்ன போட்டிருக்கிறீர்கள்?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். ஜூலையில் சுக்கினி என்ற பூசணி வகைக் காய் காய்த்துத் தள்ளும்போது எல்லோரும் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், வாங்க ஆள் கிடைத்தால் சந்தோஷப்படுவார்கள்.

சொந்தமாகத் தோட்டம் எடுக்க நகரங்களில் காத்திருப்புப் பட்டியல் நீளம். அதற்காகக் காத்திருக்கவேண்டாம். வயதாகி மண் கொத்த முடியாமல் தவிக்கும் உறுப்பினர்கள் ஒவ்வொரு சங்கத்திலும் இருக்கிறார்கள். வாசலில் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை இருக்கும், அதில் தலைவரின் தொடர்பு இருக்கும். ‘யாருக்காவது தோட்ட வேலையில் உதவி வேண்டுமா? சனிக்கிழமைகளில் வருகிறேன்’ என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள். சங்கத்தின் பொதுவேலை நாட்களையும் விசாரித்து வையுங்கள். உறுப்பினர்கள் வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் பொதுவேலை செய்ய வேண்டும் என்ற விதி இருக்கும். வேலிக்கு வண்ணம் அடிப்பது, பாதையைச் செப்பனிடுவது மாதிரி வேலைகள். கூட வருகிற ஒரு ஜோடிக் கையை யாரும் வேண்டாம் என்றதில்லை.

முதல் வருஷம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஏப்ரல் கடைசி, சட்டென்று வெயில் அடித்தது. நான் ஆசையாகத் தக்காளி நாற்று பத்து வாங்கிக்கொண்டு போய்விட்டேன். குழி தோண்டியும் ஆயிற்று. முதல் நாற்றைத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது டீச்சரம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். ‘ஐஸ்ஹைலிக’ என்றார். எனக்குப் புரியவில்லை. மரவீட்டுக்குள் கூட்டிப்போய்ச் சுவரில் இருந்த நாட்காட்டியைக் காட்டினார். மே 11 முதல் 15 வரை விரலால் ஒரு கோடு. பனிப் புனிதர்களின் நாட்கள் அவை. கடைசி நாள் ‘குளிர்ந்த ஸோஃபி’. அவள் தாண்டும் வரை எந்த ராத்திரியும் உறைபனி விழலாம், தக்காளியை வெளியில் நடக்கூடாது. நாற்றுகளைத் தொட்டியோடு ஜன்னலோரம் அடுக்கினோம்.

எங்கள் அப்பா மானாவாரி விவசாயி. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதை அவர் வாயால் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அதை எனக்குத் தெரிந்த ஜெர்மனில் டீச்சரம்மாவுக்குச் சொன்னேன். ஆடி என்றால் எந்த மாதம், அப்போது எந்தக் காற்று அடிக்கும், மழை எப்போது, எல்லாம் கேட்டார். அப்புறம் பென்சிலை என் கையில் கொடுத்து, நாட்காட்டியில் ஜூலை நடுவில் அதைத் தமிழில் எழுதச் சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த தாத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்துவிட்டு ‘நூ’ என்றார். சாக்சனி வழக்கில் ‘நூ’ என்றால் ஆமாம். அன்றிலிருந்து அவர் என்னை எங்கே பார்த்தாலும் நின்று பேசுவார். அந்த நாட்காட்டித் தாள் இன்னும் சுவரிலேயே இருக்கிறது.

மண் விஷயத்தில் நமக்குத் தெரிந்ததைக் கொண்டுபோங்கள். வசந்தத்தில் மல்லித்தழை நன்றாக வரும், வெயில் ஏறினால் பூத்துவிடும். வெந்தயக்கீரையும் வரும். வெண்டைக்கு இந்த ஊர்ச் சூடு பற்றாது, கண்ணாடிக் கூண்டு வேண்டும்.

உடைந்த சாமான், பலகை விளையாட்டு, மற்றவை

ரிப்பேர் கஃபே என்று ஒன்று இருக்கிறது. 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினெ போஸ்த்மா என்ற பெண் தொடங்கியது, இன்று ஜெர்மன் நகரங்கள் பலவற்றிலும் நடக்கிறது. பெரும்பாலும் மாதத்துக்கு ஒரு முறை. உடைந்த சாமானைக் கொண்டுபோனால் தொண்டர் ஒருவர் பழுது பார்ப்பார், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கைகொடுக்க வேண்டும். ஓரமாக ஓர் உண்டியல் இருக்கும். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சி நின்றுபோனபோது எடுத்துப் போனேன். கழற்றிப் பார்த்தால் கார்பன் பிரஷ் இரண்டும் பச்சரிசி அளவுக்குத் தேய்ந்து கிடந்தன. சரிசெய்த பெரியவர் ஜாரை மோந்து பார்த்துவிட்டு இதில் என்ன அரைப்பாய் என்று கேட்டார். அடுத்த மாதம் இட்லிப்பொடி கொண்டுபோய்க் கொடுத்தேன். திருகாணி, கம்பி, உருகி என்று அன்று கற்ற இருபது ஜெர்மன் சொற்களும் எனக்கு மறக்கவே இல்லை.

பேச்சு வராத ஆரம்ப மாதங்களுக்குப் பலகை விளையாட்டுச் சந்திப்பு நல்லது. இந்த நாட்டில் 1979 முதல் வருஷா வருஷம் சிறந்த விளையாட்டுக்குப் பரிசு கொடுக்கிறார்கள், பெரியவர்களும் மெனக்கெட்டு விளையாடுவார்கள். விதியைச் சொல்லிக் கொடுக்கும்போது மெதுவாகப் பேசுவார்கள், தப்பாக ஆடினால் திருத்துவார்கள்.

ஃபோல்க்ஸ்ஹோக்ஷூல என்ற மக்கள் கல்விக்கூடம் ஊருக்கு ஊர் உண்டு. மொழி வகுப்புக்கு மட்டும் போகாமல் தையல், மண்பாண்டம், சமையல் என்று கை ஓடுகிற வகுப்பிலும் சேருங்கள். மொழி வகுப்பில் கிடைப்பவர்கள் நம்மைப் போல வந்தவர்கள். அவர்களும் வேண்டும், ஊர்க்காரர்களும் வேண்டும்.

மற்றபடி இந்த நாட்டில் எதற்கும் ஒரு சங்கம் உண்டு, ஃபெரைன் என்பார்கள். ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்துவிடலாம். மேசைப்பந்து, பாட்டுக்குழு, மலையேற்றம் எதுவானாலும் சேருவதற்கு முன் ஒன்றிரண்டு தடவை இலவசமாக வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். அதற்கு ‘ஷ்னுப்பர்ன்’ என்று சொல், மோந்து பார்ப்பது என்று அர்த்தம். பாட்டுக்குழு என்றால் ‘குரல் தேர்வு இல்லை’ என்று போட்டிருப்பதாகப் பாருங்கள்.

பழக்கத்தைக் கெட்டிப்படுத்த

குடிக்கிறாயா என்று கேட்டால் ‘நன்றி, நான் மது குடிப்பதில்லை’ என்று ஒரே வரி. காரணம் சொல்லவேண்டாம், யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆப்பிள் ஷோர்ல கேளுங்கள், ஆப்பிள் சாற்றில் சோடா கலந்தது, எங்கேயும் கிடைக்கும்.

நம்ம நீங்கள்-நீ மாதிரி இங்கே ஸீ-டூ. பெரியவர்களிடம் ஸீ என்று தொடங்குங்கள், அவர்களே ஒரு நாள் டூ சொல்லலாம் என்பார்கள். அது சின்ன விஷயம் இல்லை, அன்று பழக்கம் ஒரு படி ஏறியிருக்கிறது என்று அர்த்தம். விளையாட்டு, ஓட்டம் மாதிரி இடங்களில் முதலிலிருந்தே டூதான்.

‘ஒரு நாள் வீட்டுக்கு வாங்களேன்’ என்று பொதுவாகச் சொன்னால் அது காற்றோடு போய்விடும். நாளும் நேரமும் சொல்லிக் கூப்பிடுங்கள்: ‘அடுத்த ஞாயிறு மூன்றரைக்குக் காப்பிக்கு வருகிறீர்களா?’ அவர்கள் நாட்குறிப்பைத் திறந்து மூன்று வாரம் தள்ளி ஒரு தேதி சொல்வார்கள். முதலில் எனக்கு மனசு சுருங்கிப்போயிற்று, தட்டிக்கழிக்கிறார்களோ என்று. இல்லை, அந்தத் தேதியில் மூன்றரைக்கு மணி அடிக்கும், கையில் பூவோடு நிற்பார்கள். நீங்களும் அப்படியே நேரத்துக்குப் போங்கள்.

பிறந்தநாளுக்கு முன்கூட்டியே வாழ்த்தாதீர்கள், அபசகுனம் என்று நினைப்பார்கள். பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்குக் கேக் கொண்டுபோக வேண்டும். நான் கேசரி கிளறிக் கொண்டுபோய், பார்க்ரன் முடிந்து எல்லோருக்கும் காகிதக் கிண்ணத்தில் கொடுத்தேன். ஏலக்காய் வாசனைக்கே நாலு பேர் புதிதாக வந்து பேசினார்கள். பொங்கல், தீபாவளி எதையும் அறைக்குள் தனியாக முடித்துவிடாதீர்கள்.

தமிழ் மனிதர்களையும் தேடிக்கொள்ளுங்கள். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் 2002-இல் எழும்பியது, ஈழத் தமிழர்கள் கட்டியது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து வருவார்கள். லைப்சிக்கிலிருந்து ரயிலில் தூரம்தான், ஆனாலும் போனேன். அன்னதான வரிசையில் ‘எங்கட வீட்ட வந்து நில்லுங்கோ தங்கச்சி’ என்ற அக்காவோடு இன்றும் போனில் பேசுகிறேன். அங்கேயும் பந்தி பரிமாறப் போய்த்தான் பழக்கமானோம்.

ஓர் இடத்துக்கு எட்டு வாரம் கொடுங்கள். எட்டு வாரம் விடாமல் போயும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள், உங்கள் மேல் தப்பு என்று நினைக்கவேண்டாம். ஒரு பாட்டுக்குழுவை நான் அப்படி விட்டேன். தனியாக ஒருவர் வீட்டுக்கு முதல் தடவை போகும்போது, எங்கே போகிறேன் என்று இன்னொருவரிடம் சொல்லிவிட்டுப் போவது பெண்பிள்ளைகளுக்கு நல்லது.

குளிர்காலத்துக்கு இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நவம்பரில் தோட்டங்களில் குழாய்த் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், மார்ச் வரை அங்கே ஆள் நடமாட்டம் குறைவு. அந்த மாதங்களில்தான் தனிமை ஆளை அழுத்தும். ஓட்டம் நிற்காது, பனி வழுக்கினால் மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போகும். போன ஜனவரியில் திருச்சியிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண்ணைக் கூட்டிப் போனேன், அவளுக்கும் பார்கோடு வேலைதான் கிடைத்தது. விரல் நுனி திறந்த கம்பளிக் கையுறை டீச்சரம்மா பின்னியது ஒரு ஜோடி கொடுத்தேன். அது கடையிலும் கிடைக்கும், சனிக்கிழமைக்கு முன்னால் வாங்கிவிடுங்கள்.